பதினொரு நட்டுகள்

வெள்ளாங்கரையில் காற்றுக்கும் உப்பு உண்டு. அது வீட்டுச் சாவியைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும், பள்ளிக்கூடத்து மணியைத் தின்னும், கல்யாணத்துக்கு வாங்கிய பீரோவை முதல் பிள்ளை பிறப்பதற்குள் பாதி தின்று வைக்கும், ஆனாலும் அதற்கு நாக்கில் எச்சில் ஊறுவது மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கைக் கண்டால்தான் என்பது இருபத்திரண்டு வருடமாக அந்த ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ராயப்பனாகிய எனக்குத் தெரியும். வெளியே பெயின்ட் பளபளக்கும், மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே செங்கல் சூளை மாதிரி இருக்கும். அந்தத் துரு உதிர்ந்து பெட்ரோலோடு இறங்கி, டேங்குக்குள் இருக்கும் பம்பின் வலையில் படிந்து, ஒருநாள் நட்டநடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிடும்.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு வைத்தியமும் ஒரு வழக்கமும் உண்டு. டேங்கைக் கழற்றி, பம்பை எடுத்துவிட்டு அந்த ஓட்டையைத் தகரமும் பழைய டியூபும் வைத்து அடைத்து, துருப்பிடித்த நட்டுகள் பதினொன்றை எண்ணி உள்ளே போட்டு, புளித்தண்ணீரும் வினிகரும் ஊற்றி, இரண்டு நாள் நினைத்த நேரமெல்லாம் தூக்கித் தூக்கிக் குலுக்க வேண்டும். நட்டுகள் உள்ளே உருண்டு துருவைச் சுரண்டும், சுரண்டிச் சுரண்டித் தாங்களும் வெளுத்துவிடும். பிறகு ஆப்பசோடா கரைத்து அலசி, வெயிலில் காயவைத்து, துளி ஈரமில்லாமல் ஆயில் ஓட்டி மூட்ட வேண்டும். கடைசியில் அந்தப் பதினொரு நட்டையும் வெளியே எடுத்து எண்ணி, பேப்பரில் பொட்டலம் கட்டி வண்டிக்காரன் கையில் கொடுக்க வேண்டும். டேங்கின் உள்பக்கத்தை யாரும் பார்க்க முடியாது, நட்டைப் பார்க்கலாம். நட்டு மின்னினால் டேங்க் சுத்தம். ஏன் பதினொன்று என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தொழில் பழக்கிக்கொடுத்தவருக்கும் தெரியாது. ஆனால் வெள்ளாங்கரையில் நட்டைக் கொடுத்துவிட்டால் அதற்குமேல் சாட்சி கிடையாது. கோவிலில் சூடத்தை அணைத்தோ பைபிள் மேல் கைவைத்தோ சொன்னால்கூட ஒன்றிரண்டு பேர் சந்தேகப்படுவார்கள், நட்டைச் சந்தேகப்பட்டவன் எவனும் இல்லை.

தொம்மை தன் வண்டியைக் கொண்டுவந்தது மாதா திருவிழா வாரத்தில். உப்பளத்தில் மோட்டார் பார்க்கிற ஆள், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன். சாவியைத் திருப்பியதும் இரண்டு நொடி ‘ம்ம்ம்’ என்று பம்ப் முனகுமே, அந்தச் சத்தம் வரவில்லை என்றான். பனையடியில் அக்காள் வீட்டில் அவன் அம்மா படுக்கையாகக் கிடந்தாள். இருபத்திரண்டு கிலோமீட்டர், உப்பளங்களுக்கு நடுவே போகிற மண் ரோடு, பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

“கூப்பிட்டா உடனே போணும் அண்ணாச்சி. வண்டிய மட்டும் நல்லாப் பாத்துத் தந்திருங்க” என்றான்.

நல்லாத்தான் பார்த்தேன். பம்பை வெளியே எடுத்தேன், துரு அடைத்து எரிந்து போயிருந்தது. டேங்குக்குள் டார்ச் அடித்தேன், செக்கச்செவேல் என்றிருந்தது. புது பம்ப் போட்டாலும் டேங்கைச் சுத்தம் செய்யாவிட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது என்பதை அந்த இடத்திலேயே என் வாயால் முணுமுணுத்தேன். ஆனால் அன்று சாயங்காலம் நண்பர்கள் மன்றத்தில் கேரம் இறுதிப் போட்டி. மறுநாள் சப்பரம். இரண்டு நாள் எவன் உட்கார்ந்து டேங்கைக் குலுக்குவான்? புது பம்பை மட்டும் மாட்டினேன். மேஜைமேல் ஒரு டப்பாவில் வேறொருவர் டேங்கில் உருண்ட நட்டுகள் மின்னிக்கொண்டு கிடந்தன, வண்டியை எடுத்துப்போனவர் நட்டை இன்னும் வந்து வாங்கவில்லை. எண்ணினேன், பதினொன்று. பொட்டலம் கட்டித் தொம்மையிடம் கொடுத்து, “டேங்க் கிளீன்” என்றேன். அவன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தான். சாவியைத் திருப்பினான், பம்ப் முனகியது, போய்விட்டான். நான் போட்டியில் ஜெயித்தேன். பரிசாக நீல நிறத்தில் இரண்டு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள்.

இருபத்தாறாம் நாள் மத்தியானம் பனையடியிலிருந்து தொம்மைக்குப் போன் வந்தது. அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, உன் பெயரைத்தான் கேட்கிறாள், உடனே வா. கிளம்பினான். பதின்மூன்றாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்பும் வெயிலும்தான், உப்பு லாரிகள் மூன்று மணிக்கு மேல்தான் வரும். வண்டியை அப்படியே போட்டுவிட்டு மிச்சத் தூரத்தை ஓடியும் நடந்தும் போய்ச் சேர்ந்தபோது, அம்மா போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஒரு குட்டியானை லோடு வண்டியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் சட்டையைப் பிடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அண்ணாச்சி, மன்னிச்சிருங்க” என்றான். “ஆத்திரத்துல நாலு பேர்கிட்ட உங்களத் தப்பாச் சொல்லிட்டேன். அப்புறந்தான் யோசிச்சேன். நீங்க நட்டு குடுத்தியல்லா. கிளீன் பண்ணாம நட்டு எப்படி வெளுக்கும்? நாந்தான் எங்கயோ கலப்பட பெட்ரோல் போட்டிருப்பேன். மனசுல வச்சுக்கிடாதிய.”

நான் கையிலிருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன். பிறகு, “பரவால்ல தொம்மை, விடு” என்றேன். இந்தக் கதையில் என்னை எதற்காகவாவது தூக்கில் போட வேண்டுமென்றால் அந்த ‘விடு’வுக்காகப் போடுங்கள்.

அவன் போனபின் டேங்கைக் கழற்றி, பம்பை உருவி, ஓட்டைக்கு நேரே நீல வாளியை வைத்துச் சாய்த்தேன். துரு கரைந்த சிவப்புத் தண்ணீர் கொட்டியது. வாளி நிறைந்தது. இன்னொரு நீல வாளியை வைத்தேன், அதுவும் நிறைந்தது. டேங்கின் கொள்ளளவு பன்னிரண்டு லிட்டர், இது ஊருக்கே தெரியும். அன்று பொழுது சாய்வதற்குள் அதிலிருந்து முந்நூறு லிட்டர் வந்தது, மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. பெட்ரோல் வாசனை கிடையாது. சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை. விரல் கனத்துக்கு, நின்று நிதானமாக விழுந்துகொண்டே இருந்தது.

முதல் இரண்டு நாள் ஊர் அதை ஒரு தண்ணீர்ப் பிரச்சினையாகத்தான் பார்த்தது. பேரூராட்சியிலிருந்து ஒருவர் வந்து, இந்த இணைப்புக்கு அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். கிராம நர்ஸ் வந்து, இதை யாரும் குடிக்கக் கூடாது என்று சொன்னார், அவர் சொன்ன பிறகுதான் சிலருக்குக் குடித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. பெண்கள் குடத்தில் பிடித்துப் போய் வாசல் கோலத்துக்குச் சிவப்புக் கரை கட்டினார்கள், அம்மன் கோவில் மதிலுக்குக் காவிப் பட்டை அடித்தார்கள், முருங்கைக்கு ஊற்றினார்கள், முருங்கை முழ நீளத்துக்குக் காய்த்தது. மூன்றாம் நாள் எதிர்ப்பக்கத்து டீக்கடை குரூஸ் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “அது துரு இல்லவே. தொம்மையோட அம்ம அழுதுகிட்டு இருக்கா” என்றான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது துருவாக இருக்கவில்லை. தாய்க்கண்ணீர் என்று பெயர் வைத்தார்கள். மெழுகுவர்த்தி கொண்டுவந்தார்கள், அகல்விளக்கும் கொண்டுவந்தார்கள், பச்சைத் துணி போர்த்தலாமா என்று ஒருவர் கேட்டார். அம்மாவைக் கவனிக்காத மகன்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து டேங்கின் முன்னால் நிறுத்தினார்கள். மகன்கள் அழுதார்கள். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் சின்ன பாட்டில்களில் நிரப்பிக்கொண்டு போனார்கள். எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி, “அந்த மகன் எங்க?” என்பதுதான்.

அந்த மகன் அங்கேதான் இருந்தான். தினமும் விடிந்ததும் வந்து, ஓட்டைக்கு அடியில் கடையின் வேறொரு வாளியை மாற்றி வைத்துவிட்டு நீல வாளிகளை எடுத்துக்கொண்டான். சிவப்புத் தண்ணீர் ஓடிப்போய் உப்பளத்தில் இறங்கினால் உப்பு சிவந்துவிடும், நூறு குடும்பத்துப் பிழைப்பு போய்விடும் என்று, நிறைந்த வாளிகளை இரண்டு கையிலும் தூக்கி, அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த பழைய கல்குழியில் கொட்டிவிட்டு வந்தான். ஒரு நாளைக்கு முப்பது நடை, நாற்பது நடை. நான் வேண்டாமென்று சொன்னபோது, “என் டேங்க் அண்ணாச்சி, என் துரு” என்றான். அவன் போகும்போது ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், மரியாதைக்காக அல்ல. சின்னப் பிள்ளைகளுக்கு விரலை நீட்டிக் காட்டி, அம்மா கூப்பிட்டும் போகாதவன் இவன்தான் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சிவப்புத் தண்ணீர் தெறித்துத் தெறித்து அவன் வேட்டி முழங்கால் வரை துரு நிறமாகிவிட்டது, அது வெளுக்கவே இல்லை.

என்னை என்ன செய்தார்கள் தெரியுமா? எனக்கு மாலை போட்டார்கள். சுத்தமாக வேலை செய்து நட்டு கொடுத்த மனிதன், அப்படிப்பட்டவன் கடையில்தான் அந்தத் தாய் அழ இடம் தேடியிருக்கிறாள் என்றார்கள். நான் மாலையைக் கழற்றி ஸ்பானர் ஆணியில் மாட்டினேன். அது காய்ந்து சருகாகும் வரை அங்கேயே தொங்கியது, எடுத்துப் போடவும் எனக்குக் கை வரவில்லை. தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பல் விளக்குவேன். தொம்மை வந்து வாளியைத் தூக்குவான். வாயைத் திறப்பேன், “டீ குடிக்கியாடே?” என்று கேட்பேன். குடிக்க மாட்டான். என் வெட்கத்துக்கு நான் கொடுத்த தீனி அந்த டீதான், அதையும் அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

தண்ணீர் விழத் தொடங்கிய பதினேழாம் நாள் அமலோற்பவம் வந்தாள். தொம்மையின் அக்காள், பனையடிக்காரி. அடக்கத்தன்று தம்பியின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்னவள், அதன்பின் அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மா அழுகிற இடத்தைப் பார்க்கத்தான் வந்திருந்தாள். கூட்டம் விலகி இடம் கொடுத்தது. டேங்கையும் அதிலிருந்து விழுகிற சிவப்புத் தண்ணீரையும் வெகுநேரம் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து, காலி வாளிகளோடு தொம்மை வந்து நின்றான்.

“அக்கா” என்றான்.

“அக்காவா? யாருலே ஒனக்கு அக்கா?” அவள் சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது. “வண்டி நின்னுபோச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு அலையுத. டேங்க் சுத்தமா இருக்கையில எப்படிலே நிக்கும்? நட்ட என் கண்ணால பாத்தேன்லா! எங்கன நின்ன, எவன்கூட இருந்த, அதச் சொல்லு.”

தொம்மை தலைகுனிந்தான்.

“அம்மகிட்ட வந்து பொட்டலத்தப் பிரிச்சுக் காட்டுன. டேங்க் புதுசு மாதிரி ஆயிட்டும்மா, இனி நீ கூப்பிட்டா அரை மணி நேரத்துல வந்துருவேன்னு சொன்ன. அவ அந்த நட்ட ஒங்கிட்டருந்து வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. ராவும் பகலும் அத உருட்டிக்கிட்டே கிடந்தாளே! கடைசி மூச்சு இழுக்கையிலயும், நான் அழுதா, ‘ஏன்டி அழுத, டேங்க் கிளீன் பண்ணியாச்சு, இப்ப வந்துருவான்’னு என்னையத் தேத்துதா. அந்த முடிச்ச அவுக்க எனக்கு மனசு வரல. அப்படியே வச்சுத்தான் பொதைச்சோம்.”

தொம்மை குனிந்து, ஓட்டைக்கு அடியில் நிறைந்திருந்த வாளியை எடுத்துக்கொண்டு காலி வாளியை வைத்தான். என் கேரம் வாளி. அதன் வெளிப்புறத்தில் ‘முதல் பரிசு’ என்று ஒட்டிய தாளில் பாதி இன்னும் உரியாமல் இருந்தது.

“நான் கிளீன் பண்ணல” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன், இந்த முறை கத்தினேன்.

“டேங்க நான் கிளீன் பண்ணவே இல்ல. பம்ப மட்டும் மாத்தினேன். கேரம் ஆடப் போணும்னு மூட்டிக் குடுத்துட்டேன். அந்த நட்டு வேற ஒருத்தர் வண்டில போட்டது. தொம்மை சொன்னது அத்தனையும் நெசம். வண்டி நின்னது என்னாலதான்.”

நான் நினைத்திருந்தது, இதைச் சொன்னதும் தண்ணீர் நின்றுவிடும் என்றுதான். அப்படித்தானே நடக்க வேண்டும்? நிற்கவில்லை, அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. குரூஸ்தான் முதலில் பேசினான். “என்னவே இப்படிச் சொல்லுதீரு, மெழுகுவர்த்தியெல்லாம் ஏத்தியாச்சே” என்றான், ஏதோ நான் பந்தியில் இலையை இழுத்துவிட்ட மாதிரி. அமலோற்பவம் என்னைப் பார்த்தாள். என் மேல் மண்ணை வாரி வீசுவாள் என்று காத்திருந்தேன். அவள் பார்வை என்னிடம் நிற்காமல் தம்பியிடம் போனது, அவன் வேட்டிக்குப் போனது, வாளிப்பிடி அழுத்தி அவன் உள்ளங்கையில் காய்த்துப்போயிருந்த இடத்துக்குப் போனது.

தொம்மை வாளியைக் கீழே வைத்தான். என்னிடம் வந்தான்.

“அப்ப அது யாரு வண்டி நட்டு அண்ணாச்சி?” என்று கேட்டான்.

எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாக ஞாபகம் இல்லை. எவ்வளவோ யோசித்தும் அந்த டப்பாதான் நினைவுக்கு வந்தது, ஆள் வரவில்லை.

“தெரியல தொம்மை.”

“அடுத்தவன் பொருளையா எங்கம்ம கையில குடுத்து அனுப்பிச்சேன்?” என்றான். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டான். “அவ யார் வீட்டு ஊசியக்கூட வச்சுக்கிட மாட்டா. இனி அத எப்படித் திருப்பிக் குடுப்பேன்?”

அமலோற்பவம் அப்படியே தரையில், சிவப்பு ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, முகத்தை மூடி அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தம்பியைப் பார்த்து, “சாப்பிட்டியாய்யா?” என்று கேட்டாள். அவன் இல்லையென்று தலையாட்டினான். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

வாளிகளை அன்றிலிருந்து நான் தூக்கினேன். முப்பது நடை, நாற்பது நடை. மெழுகுவர்த்திகள் இரண்டே நாளில் காணாமல் போயின. தாயின் கண்ணீருக்குக் கும்பிடு போடலாம், மெக்கானிக்கின் பொய்க்கு யார் போடுவார்கள்? முருங்கைக்கு ஊற்றியவர்கள் ஊற்றுவதை நிறுத்தினார்கள், கோவில் மதிலின் பட்டையை வெள்ளையடித்து மறைத்தார்கள். நான் வாளியோடு போகும்போது பிள்ளைகளுக்கு விரலை நீட்டிக் காட்டினார்கள், இந்த முறை ஆள் சரியாக இருந்தது. ஊரில் ஒருவனும் என் கடைக்கு டேங்க் கொண்டுவரவில்லை. வேறு கடைகளிலும் இப்போது நட்டைப் பார்த்துவிட்டு, மூடியையும் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். வெள்ளாங்கரையில் ஒரு சாட்சி போய்விட்டது, அதை அழித்தவன் நான்.

முப்பத்தேழாம் நாள் காலையில் வந்து பார்த்தபோது வாளி பாதிதான் நிறைந்திருந்தது. டேங்கின் ஓட்டையில் கடைசிச் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. டார்ச் அடித்தேன். அத்தனை ஆயிரம் லிட்டர் துரு வெளியே வந்த பின்பும் டேங்கின் உள்ளே முதல் நாள் பார்த்த அதே சிவப்பு அப்படியே இருந்தது.

ஓட்டையை அடைத்தேன். துருப்பிடித்த நட்டுகள் பதினொன்றை எண்ணிப் போட்டேன். புளி கரைத்தேன், வினிகர் ஊற்றினேன். இரண்டு நாள், வேறெந்த வேலையும் இல்லாமல், டேங்கை மடியில் வைத்துக்கொண்டு குலுக்கினேன், தோள் விட்டுப்போகும் வரை குலுக்கினேன், வலித்தால் மாறி உட்கார்ந்து குலுக்கினேன். நட்டுகள் முதலில் மண்ணில் உருளுகிற மாதிரி சத்தம் போட்டன, பிறகு தகரத்தில் உருளுகிற மாதிரி, கடைசியில் பித்தளைக் குடத்தில் போட்ட காசு மாதிரி கலகலத்தன. ஆப்பசோடாவில் அலசினேன், வெயிலில் காயவைத்தேன், ஆயில் ஓட்டினேன், புது வலையும் புது பம்பும் மாட்டினேன். உள்ளே டார்ச் அடித்தால் என் முகம் தெரிந்தது, பார்க்கப் பிடிக்காமல் மூடினேன்.

சொல்லி அனுப்பியதும் தொம்மை வந்தான். வேட்டி அதே துரு நிறம். சாவியைத் திருப்பினான், இரண்டு நொடி ‘ம்ம்ம்’ என்று பம்ப் முனகியது, ஒரே உதையில் வண்டி பிடித்தது. நான் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். பதினொரு நட்டும் வெயிலில் கண்ணைக் கூசின.

“உன் டேங்க்ல உருண்டதுதான் தொம்மை. நானே குலுக்கினேன். எடுத்துக்க.”

அவன் குனிந்து பார்த்தான். ஒன்றை விரலால் புரட்டினான். அப்போதும் அவன் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டான்.

“நல்லாத்தான் வெளுத்திருக்கு அண்ணாச்சி” என்றான். “இத இனி யாருகிட்ட கொண்டுபோய்க் காட்ட?”

வண்டியைக் கிளப்பிக்கொண்டு பனையடி ரோட்டில் போனான். சத்தம் ஒரு சீராகக் கேட்டது, உப்பளத்தின் அந்தப் பக்கம் போகும் வரை எங்கேயும் நிற்கவில்லை. நான் கையிலிருந்த நட்டுகளை இன்னொரு தடவை எண்ணினேன். சரியாகப் பதினொன்று இருந்தது.